கோர்ட்டுக்கு வெளியே: ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி பதில்கள்

கேள்வி: என் மகள் பி.எல். முடித்துவிட்டு சிவில் நீதிபதி தேர்வு எழுதப் போகிறேன் என்கிறாள். 'ஊர் ஊராக மாற்றுவார்கள், நாலு பேரோடு பழக முடியாது' என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். உண்மையா ஐயா?
– ஒரு வாசகி, திருக்கோவிலூர்

பதில்: உண்மைதான் அம்மா. மூன்று வருடத்துக்கு ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் மகன் பத்தாவது முடிப்பதற்குள் ஐந்து பள்ளிக்கூடம் பார்த்துவிட்டான்.

பழக்கவழக்கமா? நான் முன்சீப்பாக, அதாவது கீழ்நிலை சிவில் நீதிபதியாகப் போன முதல் ஊரில் முடிவெட்டிக்கொள்ள உட்கார்ந்தேன். பாதித் தலை ஆகியிருந்தது. பக்கத்து நாற்காலிக்காரர், "ஐயாவுக்கு என் கணக்குல எழுதிக்கப்பா" என்றார். திரும்பிப் பார்த்தால், என் கோர்ட்டில் நடந்துகொண்டிருந்த வரப்புத் தகராறின் பிரதிவாதி! காசை நானே கொடுத்துவிட்டு, மறுநாள் இரு தரப்பு வக்கீல்களிடமும் நடந்ததைச் சொன்னேன். சிரித்தார்கள். அப்புறம் அந்த ஊரில் இருந்தவரை பஸ் ஏறிப்போய்த்தான் முடிவெட்டிக்கொண்டேன்.

சொந்தக்காரர்கள் சொல்லாத ஒன்று இருக்கிறது. குற்ற வழக்குகளைப் பார்க்கும் மாஜிஸ்திரேட்டாகப் போட்டால் ராத்திரியும் நம்முடையதில்லை. மே மாதம் சிவில் கோர்ட்டுக்கு விடுமுறை. மாஜிஸ்திரேட்டுகளுக்கு அதுவும் கிடையாது. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் ஆஜர்படுத்த வேண்டும் என்பதால் நடுராத்திரியிலும் போலீசார் கதவைத் தட்டுவார்கள். லுங்கியை மாற்றிக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்து, "அடிச்சாங்களா?" என்று கேட்க வேண்டும். போலீசாரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும். நான் ஒருமுறை அதைச் செய்யாமல் விட்டேன். பையன் "இல்லைங்க ஐயா" என்றான். கையெழுத்துப் போடப் பேனாவைக் கொடுத்தேன், விரல் மடங்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, காயச் சான்று வந்த பிறகுதான் அடுத்த உத்தரவு எழுதினேன்.

இன்னொன்று: இந்தத் தேர்வு எழுத மூன்று வருடமாவது வக்கீல் தொழில் செய்திருக்க வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் இப்போதைக்கு நல்ல சீனியர் ஒருவரிடம் சேர்த்துவிடுங்கள். கீழ்க்கோர்ட்டுக்கு தினமும் போகிறவராக இருக்கட்டும்.

கேள்வி: தூக்குத் தண்டனை எழுதியதும் நீதிபதி பேனாவை உடைப்பாராமே?
– ஒரு வாசகர், தேனி

பதில்: சட்டத்தில் அப்படி ஒரு வரியும் இல்லை, சில நீதிபதிகளின் பழக்கம், அவ்வளவுதான். கொலை போன்ற பெரிய வழக்குகளை விசாரிக்கும் செஷன்ஸ் நீதிபதி எழுதினாலும் உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் தூக்கில் போட முடியாது. நான் எழுதியதில்லை. என் பேனாக்கள் எல்லாம் சாட்சியம் எழுதியே தேய்ந்தவை.