காதுகேளாத மகளிடம் எப்படிப் பேசுவது?

கேள்வி: எங்களுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலி, வசிப்பது மும்பை தாராவியில். ஆறு வயது மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. இரண்டு காதிலும் மெஷின் வைத்தும் சில சொற்களே வருகின்றன. பள்ளியில் இந்தி, வீட்டில் தமிழ். சைகை பழகினால் பேச்சு வராது என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். எதற்கெடுத்தாலும் கோபப்பட்டுப் பொருட்களை விட்டெறிகிறாள். என்ன செய்வது?

பதில்: அவளுடைய கோபத்திலிருந்தே தொடங்குகிறேன். வெளியே கிளம்பினால், எங்கே போகிறோம் என்பதை மற்றக் குழந்தைகள் வீட்டுப் பேச்சு காதில் விழுந்தே அறிந்துகொள்கிறார்கள். உங்கள் மகளோ கையைப் பிடித்து அழைத்துச் செல்லப்பட்டு, ஊசியைக் கண்ட பிறகுதான் அது மருத்துவமனை என்று தெரிந்துகொள்கிறாள். போகும் இடத்தின் புகைப்படத்தைக் கைப்பேசியில் முன்கூட்டியே காட்டி, என்ன நடக்கும், எப்போது திரும்புவோம் என்பதைப் படம் வரைந்தாவது சொல்லுங்கள். கோபம் கணிசமாகக் குறைய வாய்ப்புண்டு.

சைகை மொழி பேச்சைத் தடுக்கும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. சிறு வயதில் எந்த மொழியுமே முழுமையாகக் கிடைக்காமல் போவதுதான் பின்னாளில் படிப்பையும் சிந்தனையையும் பாதிக்கும் என்பதால், பேச்சுப் பயிற்சியைத் தொடர்ந்துகொண்டே இந்திய சைகை மொழியையும் தாமதமின்றித் தொடங்குங்கள். அது இந்தியையோ தமிழையோ சாராமல் தனக்கென இலக்கணம் கொண்ட மொழி. டெல்லியில் 2015இல் தொடங்கப்பட்ட இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையத்தின் 10,000 சொற்கள் கொண்ட காணொளி அகராதியை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அவள் தானாக உருவாக்கிய சைகைகளையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

உதட்டசைவைப் பார்த்தே புரிந்துகொள்வாள் என்று இருந்துவிடாதீர்கள். 'அப்பா', 'அம்மா' இரண்டையும் ஒலியெழுப்பாமல் கண்ணாடி முன் சொல்லிப் பாருங்கள். உதடுகள் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் அசையும். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி, அவளுடைய கண்மட்டத்துக்கு அமர்ந்து பேசுங்கள். தோளைத் தொட்டு, அவள் பார்த்த பிறகே தொடங்குங்கள். கதைப் புத்தகத்தில் ஒரு படத்தைக் காட்டினால், அவள் பார்த்து முடித்து உங்கள் முகத்தை நிமிர்ந்து நோக்கும்வரை காத்திருங்கள். படத்தையும் உங்கள் கையையும் ஒரே நேரத்தில் அவளால் பார்க்க முடியாது. இந்தப் பொறுமைதான் பல பெற்றோருக்கு மிகக் கடினமாக இருக்கிறது.

"வா", "சாப்பிடு", "கூடாது" என்ற கட்டளைகளோடு நின்றுவிடாமல், ஏன் கூடாது என்பதையும் சொல்லுங்கள். எல்லோரும் சிரிக்கும்போது அவள் காரணம் கேட்டால், "அப்புறம் சொல்கிறேன்" என்று தள்ளிவிடாமல் அப்போதே சொல்லுங்கள். அப்பாவும் ஆச்சியும் சைகை கற்காவிட்டால், வீட்டில் அவளுக்கு நீங்கள் ஒருவரே துணையாவீர்கள். அது இருவருக்குமே பாரம்.

உங்களுக்கு அருகிலேயே, பாந்த்ராவில், பேச்சு, செவித்திறன் குறைபாடு உள்ளவர்களுக்காக 1983இல் தொடங்கப்பட்ட அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் இருக்கிறது. அங்கே பேச்சுப் பயிற்சியாளரைச் சந்திக்கும்போது, வீட்டில் பேசும் தமிழிலேயே பயிற்சியைத் தொடர வழி கேளுங்கள். குடும்பத்தினருக்கான சைகை மொழிப் பயிற்சி பற்றியும் விசாரியுங்கள். முதல் சந்திப்புக்கே கணவரையும் ஆச்சியையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.