வெர்னர் நோய்க்குறி உள்ளவர்களுக்குப் புற்றுநோய் கட்டாயம் வருமா?

கட்டாயம் என்று இல்லை. ஆனால் மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம், அதுவும் சின்ன வயதிலேயே. நான் டாக்டர் இல்லை, ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் மீன்வலைக் கடை வைத்திருக்கிறேன். என் அக்காவுக்கு இந்த நோய்; சின்ன வயதிலேயே உடம்பு முதுமையடைந்துவிடும். உங்கள் வீட்டிலும் யாருக்கோ இப்போதுதான் இந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அக்கா கடல்பாசி எடுக்கப் போனவள். வயதுக்கு வந்த பிறகு உயரமே கூடவில்லை. இருபதுகளிலேயே தலை நரைத்தது, குரல் கம்மியது. உப்புக்காற்று, வெயில் என்றார்கள். கூடப் பாசி எடுத்த மற்றப் பெண்களுக்கு முடி கருகருவென்றுதானே இருந்தது? முப்பதுக்கு மேல் இரண்டு கண்ணிலும் புரை, சர்க்கரை, கணுக்காலில் ஆறாத புண். மதுரையில் ஒரு தோல் டாக்டரம்மாதான் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துப் பெயர் சொன்னார்.

டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும் ஒரு புரதம் இவர்கள் உடம்பில் வேலை செய்யாது. அதற்கான மரபணுவை 1996இல்தான் கண்டுபிடித்தார்கள். பழுது சேரச் சேரப் புற்றுநோய்க்கு வழி. வருவதும் வேறு மாதிரி. தைராய்டு, தசை, எலும்பு, ரத்தம், மூளையுறை என்று வரும். மெலனோமா, அதாவது தோலுக்கு நிறம் தரும் செல்களில் வரும் புற்றுநோய், வெயில் படாத உள்ளங்காலிலும் மூக்குக்குள்ளும் வரும்.

அக்காவுக்கு உள்ளங்காலில் ஒரு கரும்புள்ளி. பாசி எடுக்கிறவர்கள் காலில் பாறை குத்தாத நாள் ஏது? ரத்தக்கட்டு என்று உள்ளூரில் களிம்பு எழுதிக் கொடுத்தார்கள். டாக்டரம்மா முன்னாலேயே எச்சரித்திருந்ததால் சதை எடுத்துச் சோதிக்கச் சொல்லிச் சண்டையே போட்டேன். மெலனோமாதான். பரவும் முன் வெட்டி எடுத்துவிட்டார்கள். கொஞ்சம் சாய்ந்து நடக்கிறாள், அவ்வளவுதான்.

அதனால் பாதம், நகம், மூக்கு, கழுத்து எல்லாவற்றையும் டாக்டரிடம் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரை, கொழுப்பையும் விடாதீர்கள். இவர்களைப் புற்றுநோய்க்குச் சமமாக மாரடைப்பும் கொண்டுபோகிறது. குழந்தைகளுக்கு வரும் புரொஜீரியா என்ற முதுமை நோயைப் படித்துவிட்டுக் குழம்பவும் வேண்டாம். அது வேறு மரபணு, அங்கே பெரும்பாலும் இதயம்தான் பிரச்சினை.

அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுது வந்தால்தான் இந்த நோய். எங்கள் அப்பாவுக்கு அம்மா சொந்த மாமன் மகள். உடனே சொந்தத்தில் கட்டுவதைத் திட்டுகிறேன் என்று சண்டைக்கு வராதீர்கள். நானும் அத்தை மகளைத்தான் கட்டியிருக்கிறேன். பிள்ளைகளுக்கு முன் இருவரும் மரபணுச் சோதனை செய்துகொண்டோம், அதைத்தான் சொல்கிறேன்.

இதையெல்லாம்கூடச் சமாளித்துவிட்டோம். ரேஷன் கடையைத்தான் முடியவில்லை. தோல் இறுகி அக்காவுக்குக் கைரேகை விழாது. கார்டில் இருக்கும் வயதையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உங்க மகளை வரச் சொல்லுங்க பாட்டி" என்கிறார்கள். அவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை. கண் ரேகைக் கருவி வந்திருக்கிறதாம், எங்கள் கடையில் அது எப்போதும் பழுது.