எந்த வீட்டுக்குத் திரும்பி வரச் சொல்வீர்கள்?

கேள்வி: என் அக்காள் மகன் அமெரிக்காவில் கணினி வேலை பார்க்கிறான். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு மனைவியோடு ஒரு வேனிலேயே குடியிருக்கிறான். ஊர் ஊராகப் போகிறான். இப்போது அரிசோனா மாநிலத்தில் டூசான் என்ற பாலைவன நகரத்தில் மூன்று மாதம் தங்கல் என்கிறான். சொந்தக்காரர்கள் ‘நாடோடி ஆகிட்டான்’ என்று பேசுகிறார்கள். மூன்று தலைமுறையாக ஒரே இடத்தில் மானத்தோடு வாழ்ந்த குடும்பம் எங்களுடையது. ‘போதும், வீடு வந்து சேர்’ என்று கூப்பிட்டுச் சொல்லலாமா?
— ஒரு வாசகி, சுங்கை சிப்புட், பேராக், மலேசியா

பதில்: கூப்பிடுங்கள் அம்மா. சின்னம்மாவின் குரலைக் கேட்டால் அந்தத் தம்பிக்கும் சந்தோஷமாக இருக்கும். ஆனால் ‘வீடு வந்து சேர்’ என்று சொல்வதற்கு முன்னால், ‘மூன்று தலைமுறையாக ஒரே இடத்தில்’ என்று நீங்கள் எழுதியிருப்பதை ஒருமுறை திரும்பப் படியுங்கள். அந்த இடத்தின் கிராண்டில், அதாவது நிலப் பட்டாவில், யார் பெயர் இருந்தது?

உங்களை நோகடிக்கக் கேட்கவில்லை. நானும் இதே வட்டாரத்தில் லயத்து வீட்டில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவன். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார், அதாவது மரத்தைக் கீறிப் பால் எடுத்தார். அவருக்கு 55 வயது முடிந்த மாதம் தோட்டத்து எழுத்தரான கிராணி வந்தார். உள்ளே வந்து உட்காராமல் வாசலிலேயே நின்று, காலி செய்ய வேண்டிய தேதியைச் சொல்லிவிட்டுப் போனார். வேலை முடிந்தால் வீடும் முடிந்தது, அதுதான் தோட்டத்து வழக்கம். நாங்கள் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே அடுத்த குடும்பத்தின் பாயும் பானை மூட்டையும் வாசலில் வந்து இறங்கிவிட்டன. வீட்டுக்குப் பின்னால் அம்மா நட்டு வளர்த்த முருங்கை அந்த நேரம் பார்த்துக் காய்த்துத் தொங்கியது. புதிதாக வந்த பெண், “அக்கா, காய் பறிச்சுக்கலாமா?” என்று கேட்டார். “இனிமே உன் மரம்தானேம்மா” என்றார் அம்மா. டவுனுக்கு வந்து சேரும்வரை அவர் வாய் திறக்கவில்லை.

உங்கள் குடும்பத்துக்கும் இப்படி ஒரு லாரி இருந்திருக்கும். நம் ஊரில் அது இல்லாத குடும்பம் குறைவு. 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அவசரகாலம் வந்தது. அதன்பின் தோட்டத்து ஆட்களை அங்கங்கே இருந்த லயங்களிலிருந்து கிளப்பி, முள்கம்பி வேலிக்குள் ஒரே இடமாகச் சேர்த்தார்கள். அது முடிவதற்குள் துண்டாடல் தொடங்கியது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்க, பாட்டன் காலத்து லயங்கள் கைமாறின. அதைப் பார்த்துத்தான் நம் ஊர்க்காரர் அமைச்சர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், தொழிலாளியின் சம்பளத்திலிருந்து சிறுகச் சிறுகப் பங்குப் பணம் சேர்த்து, கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை முதலில் வாங்கினார்கள். மரம் வெட்டியவனே அந்த மண்ணில் பங்குதாரன் ஆனான். ஆனால் எல்லாத் தோட்டங்களையும் அப்படி வாங்கிவிட முடியவில்லை. மிச்சமிருந்தவற்றில் எத்தனையோ பின்னாளில் செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டமாகவும் மாறிப்போயின.

மூன்று தலைமுறையும் நாம் ஒரே இடத்தில் இருந்தோம் என்பது உண்மை. இன்னொருவர் ‘போ’ என்று சொல்லும்வரை இருந்தோம் என்பதும் உண்மை. உங்கள் அக்காள் மகனிடம் அப்படிச் சொல்ல ஆளில்லை. கிளம்பும் நாளை அவனும் அவன் மனைவியும் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். என் அப்பாவுக்குக் கிடைக்காத உரிமை அது. அதைக் கையில் வைத்திருப்பவனை நாடோடி என்று ஏளனமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவன் டூசானைத் தேர்ந்ததிலும் கணக்கு இருக்கிறது. வடக்கு மாநிலங்கள் பனியில் உறையும் ஜனவரியில் அங்கே பகல் வெயில் 19 பாகையை ஒட்டி இருக்கும்; ராத்திரியில் நாலைந்துக்கு இறங்கும். கம்பளியும் கட்டாயம் வேண்டும். குளிருக்குத் தப்பி இப்படித் தெற்கே வருகிறவர்களைப் ‘பனிப்பறவைகள்’ என்கிறார்கள். ஜனவரிக் கடைசியில் தொடங்கும் ரத்தினக்கல் சந்தைக்கு ஊரே நிரம்பிவிடும். 1955 முதல் நடக்கும் சந்தை அது. அந்த வாரங்களில் வேன் நிறுத்த இடம் கிடைப்பது சிரமம், முன்பதிவு செய்தானா என்று கேளுங்கள். நகரத்துக்கு வெளியே அரசாங்கத்தின் பொது நிலங்களில் இலவசமாகத் தங்கலாம், ஆனால் பெரும்பாலும் 14 நாள்தான். அதற்குப் பிறகு நகர்ந்துவிட வேண்டும். அதே மாநிலத்தின் மேற்கில் குவார்ட்ஸைட் என்ற சின்ன ஊரை ஒட்டி, செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை அனுமதிச்சீட்டு வாங்கித் தங்கும் திடல்கள் இருக்கின்றன. சுமார் 2,400 பேர் நிரந்தரமாக வாழும் அந்த ஊரைச் சுற்றிக் குளிர்காலத்தில் வண்டிகளில் ஆட்கள் லட்சக்கணக்கில் வந்து போகிறார்கள்.

அந்த ஊரில் ஒரு கல்லறை இருக்கிறது, அவசியம் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். பாலைவனத்தில் சுமை தூக்க ஒட்டகம் உதவுமா என்று சோதிக்க, அமெரிக்க ராணுவம் 1850களில் ஒட்டகங்களைக் கப்பலில் கொண்டுவந்தது. அவற்றை மேய்க்க ஹாஜி அலி என்பவரும் கடல் கடந்து வந்தார். அவர் பெயர் அங்குள்ளவர்கள் வாயில் ‘ஹாய் ஜாலி’ என்று ஆனது. சோதனை கைவிடப்பட்டது, ஒட்டகங்கள் விற்கப்பட்டும் அவிழ்த்துவிடப்பட்டும் போயின, அவர் மட்டும் அங்கேயே தங்கி 1902இல் இறந்தார். பிரமிடு வடிவில் கல் அடுக்கி, உச்சியில் ஓர் ஒட்டக உருவம் வைத்திருக்கிறார்கள். வேலைக்கென்று கப்பல் ஏற்றப்பட்டு, வாயில் நுழையாத பெயரோடு பதிவேட்டில் ஏறி, வேலை போன பிறகும் அந்த மண்ணிலேயே கிடந்த மனிதர். தமிழ்நாட்டிலிருந்து ரஜூலா கப்பலில் மலாயாவுக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைக்கு அந்தக் கல்லறை முன்னால் நின்றால் ஏதாவது தோன்றும் என்று நம்புகிறேன்.

கவலைப்பட வேண்டியவர்களும் அதே சாலைகளில் இருக்கிறார்கள். வாடகை கட்ட முடியாமல் காருக்குள் தூங்கும் குடும்பங்கள் அங்கே உண்டு. 2024 ஜூனில், ஒரெகன் மாநிலத்து கிராண்ட்ஸ் பாஸ் நகர வழக்கில், தங்குமிடம் இல்லாமல் பொது இடத்தில் படுப்பவர்களையும் நகரங்கள் தண்டிக்கலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் பிள்ளைக்குச் சம்பளம் வருகிறது. கண்ணாடியைத் தட்டிப் போகச் சொன்னால் காசு கொடுத்து வேறு இடம் பிடிப்பான். பக்கத்து வண்டிக்காரருக்கு அது முடியாமல் இருக்கலாம். அவனுடைய வேனும் அந்தக் காரும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும். உறவுக்காரர்கள் பயப்படுவதும் இதனால்தான் என்று நினைக்கிறேன், அந்தப் பயத்தைக் குறை சொல்ல மாட்டேன்.

உண்மையான ஆபத்து வேறு. மூன்று மாதம் என்பது ஆறு மாதமாக இழுபட்டால், மே மாதத்திலிருந்து டூசான் வேறு ஊர். ஜூனில் வெயில் 40 பாகையைத் தாண்டுவது சாதாரணம். மூடிய வேனுக்குள் அதைவிடவும் ஏறும். மழையோ வருஷத்துக்கு 300 மில்லிமீட்டர்கூடத் தேறாது. நம் பேராக்கில் ஒரு நல்ல மாதத்திலேயே அவ்வளவு கொட்டிவிடும். அந்த நகரம் குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி கொலராடோ ஆற்றிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல் கால்வாயில் வருகிறது. ஊருக்கே அப்படியென்றால், ஒரு வேனில் இரண்டு பேர் எத்தனை லிட்டரை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவார்கள்? மருத்துவக் காப்புறுதி எந்த மாநிலத்து முகவரியில் இருக்கிறது, மற்ற மாநிலங்களில் செல்லுமா? கடிதங்கள் எங்கே போய்ச் சேருகின்றன? அக்காவும் நீங்களும் கேட்க வேண்டியவை இவை.

நம் காலை பத்து மணிக்குப் போன் போடுங்கள். அங்கே முந்தின நாள் இரவு ஏழு மணியாக இருக்கும், வேலை முடித்துச் சமைத்துக்கொண்டிருப்பார்கள். நாடோடி என்ற சொல்லை எடுக்காதீர்கள். தண்ணீர் எங்கே பிடிக்கிறாய் தம்பி என்று ஆரம்பியுங்கள்.