கேள்வி-பதில்: சிறுநீரகத்துக்கு ஜெர்மனில் என்ன?

கேள்வி: நர்சிங் முடித்துவிட்டு ஜெர்மனியில் வேலைக்குப் போவதற்காக மொழி படிக்கிறேன், இப்போது பி1 என்ற இடைநிலை வகுப்பு. இலக்கணம் எப்படியோ ஓடுகிறது, வார்த்தைகள்தான் மண்டையில் நிற்க மாட்டேன் என்கின்றன. ஒவ்வொன்றையும் நோட்டில் ஐம்பது தடவை எழுதியும் ரெண்டே நாளில் மறந்துபோகிறது. என்ன செய்வது?
- ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: முதலில் அந்த நோட்டை மூடுங்கள். பத்துத் தடவைக்கு மேல் போனால் கைதான் எழுதும், மனசு ராத்திரிக்கு என்ன டிபன் என்று யோசிக்கப் போய்விடும். எழுதுவதில் தப்பில்லை, பார்த்துப் பார்த்து எழுதுவதுதான் வீண். சொல்லை மறைத்துவிட்டு, சிறுநீரகத்துக்கு ஜெர்மனில் என்ன என்று உங்களையே கேளுங்கள். வரவில்லையா, கொஞ்ச நேரம் திணறுங்கள், அதற்கப்புறம் திறந்து பாருங்கள். அந்தத் திணறலில்தான் சொல் பதிகிறது.

சிறுநீரகத்துக்கு அங்கே 'நீரெ'. நம் ஆளுக்கு இதைவிட வசதியாக ஒரு சொல் அமையுமா? பல்லுக்கு 'ட்சான்': ஒரு சாண் நீளத்துக்குப் பல் வளர்ந்த நோயாளி உங்கள் வார்டில் படுத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். முகவாய் 'கின்', ஆகவே முகவாயில் ஒரு கிண்ணம் தொங்கட்டும். படம் எவ்வளவு அபத்தமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது, யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. பித்தம் 'கல்லெ', பித்தப்பையில் கல் என்று பிடித்துக்கொள்ளலாம், ஆனால் அங்கே கல்லுக்கு 'ஷ்டைன்' என்று வேறு சொல் இருக்கிறது, குழப்பிக்கொள்ளாதீர்கள். இந்த வித்தையை எல்லாச் சொல்லுக்கும் போடப் போனால் அதுவே தனிப் பாடமாகிவிடும். நாலு தடவை பார்த்தும் ஒட்டாத முரட்டுச் சொற்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உச்சரிப்பை மட்டும் ஒலிப்பதிவில் கேட்டுப் பழகுங்கள், தமிழ்ச் சாயலை நம்பாதீர்கள்.

நீளமான சொற்களைக் கண்டு மிரள வேண்டாம், அவற்றைப் பிய்த்துப் பார்க்கலாம். 'பிளிண்ட்டார்ம்என்ட்சுண்டுங்' என்றால் குடல்வால் அழற்சி. பிளிண்ட் என்றால் குருடு, டார்ம் என்றால் குடல், என்ட்சுண்டுங் என்றால் அழற்சி. அந்தக் கடைசித் துண்டுக்குள் தீ மூட்டுவது என்ற வினை இருக்கிறது, நம் அழற்சிக்குள்ளும் அழல் என்ற தீதானே இருக்கிறது! அந்த ஒரு துண்டு தெரிந்துவிட்டால் நுரையீரல் அழற்சி, தோல் அழற்சி என்று வரிசையாகப் பிடிபடும்.

அடுத்தது இடைவெளி. ஹெர்மான் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமே இல்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று அளந்து 1885-ல் புத்தகமாகப் போட்டார். முதல் சில மணி நேரத்தில்தான் பெரும்பகுதி போகிறது, அப்புறம் மறதியின் வேகம் குறைகிறது. ஆகவே ஒரே ராத்திரியில் மூன்று மணி நேரம் உட்காருவதைவிட இன்றைக்கு, நாளைக்கு, நாலு நாள் கழித்து, பத்து நாள் கழித்து என்று பிரித்துப் பார்ப்பது மேல். 1970-களில் செபாஸ்டியன் லைட்னர் என்ற பத்திரிகையாளர் பிரபலமாக்கிய அட்டைப்பெட்டி முறை இதற்குத்தான். செருப்புப் பெட்டி ஒன்றில் ஐந்து தடுப்பு போடுங்கள். ஒரு பக்கம் ஜெர்மன் சொல்லும் மறுபக்கம் தமிழும் எழுதிய அட்டைகளை முதல் தடுப்பில் வையுங்கள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த தடுப்புக்குப் போகும், தப்பாகச் சொன்ன அட்டை எந்தத் தடுப்பில் இருந்தாலும் முதல் தடுப்புக்கே திரும்பி வரும். முதல் தடுப்பைத் தினமும் எடுங்கள், கடைசித் தடுப்பை எப்போதாவது எடுத்தால் போதும்.

இன்னொன்று, ஒன்றுபோல ஒலிக்கும் சொற்களை ஒரே நாளில் படிக்காதீர்கள். 'ஐன்நேமன்' மாத்திரை சாப்பிடுவது, 'அப்நேமன்' ரத்தம் எடுப்பது, 'ட்சூநேமன்' எடை கூடுவது. மூன்றையும் சேர்த்துப் படித்தால் மூன்றும் போய்விடும். மாத்திரையோடும் ரத்தத்தோடும் எடையோடும் தனித்தனி வாக்கியமாக, சில நாள் விட்டுப் படியுங்கள்.

கேள்வி: ஜெர்மனில் பெயர்ச்சொல்லின் பாலைக் காட்ட அதற்கு முன்னால் வரும் டெர் (ஆண்பால்), டீ (பெண்பால்), டாஸ் (அஃறிணை போன்ற மூன்றாம் பால்) எது எதற்கு வரும் என்று எப்படி நினைவு வைப்பது?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: சொல்லைத் தனியாகப் படிக்கவே படிக்காதீர்கள், அட்டையில் 'டீ நீரெ' என்றே எழுதுங்கள். என்ட்சுண்டுங் போல வினையிலிருந்து வந்து 'உங்' என்று முடியும் பெயர்ச்சொற்கள் டீ, 'ஹென்' என்று முடியும் செல்லப் பெயர்கள் டாஸ். ஒட்டுச் சொல் என்றால் கடைசித் துண்டு எதுவோ அதன் பால்தான். ஈரல், நுரையீரல், மண்ணீரல், சிறுநீரகம் எல்லாம் டீ, வயிறும் குடலும் டெர், இதயம் டாஸ். இதில் நியாயம் தேடினால் பைத்தியம்தான் பிடிக்கும்.

கேள்வி: பெட்டி, அட்டை எல்லாம் யார் சார் செய்வது? செயலி இல்லையா?
- கல்லூரி மாணவர், கோவை

பதில்: இருக்கிறதே, அங்கி என்று பெயர். ஆண்ட்ராய்டிலும் கணினியிலும் இலவசம். ஆனால் யாரோ செய்துவைத்த ஐயாயிரம் அட்டைகளை இறக்கிக்கொண்டு உட்காராதீர்கள், உங்கள் பாடத்தில் இடறிய சொற்களுக்கு நீங்களே அட்டை போடுங்கள்.