பூச்சி சோறு போடுமா?

ஐயா, உங்கள் கடிதத்தில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் தெரிந்தது. மகள் பிளஸ் டூவில் பயோ-மேத்ஸ். இன்ஜினீயரிங் கவுன்சலிங் வேண்டாம், பூச்சி இறக்கையும் ஒளியும்தான் படிப்பேன் என்கிறாள். பூச்சி சோறு போடுமா என்று கேட்கிறீர்கள்.

சின்ன வயதில் நீங்களும் தீப்பெட்டியில் பொன்வண்டு வைத்திருந்திருப்பீர்கள். அது செத்துப் பல வருஷமானாலும் பச்சை மங்காது. சாயமாக இருந்தால் வெளுத்திருக்கும். ஓட்டின் மேல்தோல் மெல்லிய அடுக்குகளால் ஆனது. அடுக்குக்கு அடுக்கு பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றுசேரும்போது பச்சை மட்டும் வலுக்கிறது. தென் அமெரிக்க மார்ஃபோ பட்டாம்பூச்சியின் நீலமும் ஏறக்குறைய இதே கதைதான். அந்த இறக்கையில் ஒரு சொட்டு ஆல்கஹால் விட்டால் நீலம் பச்சையாகும், காய்ந்ததும் பழையபடி நீலம். இடுக்குகளில் காற்று இருந்த இடத்தில் திரவம் புகுந்ததுதான் காரணம். ஆவிகளை மோப்பம் பிடிக்கும் சென்சார் ஆராய்ச்சிக்கு இந்த நிறமாற்றம்தான் ஆதாரம்.

அந்துப்பூச்சியின் கண் மேல் சுமார் 200 நானோமீட்டர் இடைவெளியில் குட்டிக் குட்டி மேடுகள் இருக்கும். ஒளியின் அலைநீளத்தைவிடச் சின்னவை என்பதால் ஒளி எதிரொளிக்காமல் உள்ளே போய்விடுகிறது. 1973-ல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் கிளாஃபமும் ஹட்லியும் இதைச் செயற்கையாகச் செய்து காட்டினார்கள். திரையில் நம் முகம் தெரியாமலிருக்க ஒட்டும் படலங்களில் ஒரு வகை இதன் வாரிசு. நம் ஊரில் ஆடுதின்னாப்பாளையில் முட்டையிடும், கறுப்பு இறக்கையும் சிவப்பு உடலும் கொண்ட பட்டாம்பூச்சியைத் தெரியுமல்லவா? அந்த இறக்கையின் துளைகளைப் பார்த்துத்தான் 2017-ல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே ஆய்வாளர்கள் சோலார் செல்லுக்கான சிலிக்கான் படலத்தில் துளையிட்டார்கள். நேராக விழும் ஒளியை அது ஏறக்குறைய இரு மடங்கு உறிஞ்சியது.

சரி, படிப்புக்கு வருவோம். பெயரில் 'நானோ' இருக்கிறது என்பதற்காக மட்டும் எந்த பி.டெக்.கிலும் பணம் கட்டாதீர்கள். அடித்தளம் இயற்பியல்தான். ஐசர் எனும் மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனங்களுக்கான நுழைவுத் தேர்வில் உயிரியலும் உண்டு என்பதால் அவளுக்குத் தோது. கொச்சியின் குசாட் பல்கலைக்கழகத்தில் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.எஸ்சி. ஃபோட்டானிக்ஸ், அதாவது ஒளியைக் கையாளும் படிப்பு, இருக்கிறது. பக்கத்துக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் முடித்து, ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் நுழைவுத் தேர்வை எழுதினாலும் கெட்டுப்போகாது.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். ஆராய்ச்சியாளர் ஆவதென்றால் பிஎச்.டி.யோடு சேர்த்துப் பத்து வருஷமாவது ஆகும். நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாய். உடனே சம்பளம் வந்தாக வேண்டிய வீடென்றால் எம்.எஸ்சி.யோடு நிறுத்தி லேசர், லென்ஸ், ஃபைபர் வேலைகளுக்குப் போகலாம். இஸ்ரோவுக்குப் பெங்களூரிலும், பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வுக்கு டேராடூனிலும் ஒளியியல் ஆய்வகங்களே இருக்கின்றன. அங்கெல்லாம் பூச்சியைக் கேட்கமாட்டார்கள், ஒளியியல் தெரியுமா என்றுதான் கேட்பார்கள்.

அப்புறம், வலையோடு காட்டில் அலையும் வேலை என்று அவள் நினைத்திருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் கணினிக் கணக்கும் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பும்தான். இந்த வாரம் அலை ஒளியியல் பாடத்தின் பயிற்சிக் கணக்குகளை யாரும் சொல்லாமல் அவளே எடுத்துப் போடுகிறாளா பாருங்கள். போட்டால், அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், பேசலாம்.