ஹாலிவுட் நடிகர் சிட்னி பாய்ட்டியரின் ஆரம்ப நாட்கள்: கேள்வி பதில்

கேள்வி: சார், பாய்ட்டியர் அமெரிக்கரா, பஹாமாஸ்காரரா?

பதில்: இரண்டும்தான். பெற்றோர் பஹாமாஸின் கேட் தீவில் தக்காளி பயிரிட்டவர்கள். விளைச்சலை விற்க மயாமிக்கு வந்த இடத்தில், 1927 பிப்ரவரி 20 அன்று குறைமாதத்தில் பிறந்துவிட்டார். அதனால் அமெரிக்கக் குடியுரிமை. வளர்ந்ததெல்லாம் தீவில்தான்.

கேள்வி: ஓட்டலில் பாத்திரம் கழுவினாராமே, உண்மையா?

பதில்: உண்மை. 15 வயதில் மயாமியிலிருந்த அண்ணனிடம் அனுப்பினார்கள். அங்கே நிறவெறியைத் தாங்க முடியாமல் 16 வயதில் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். பிழைப்புக்குப் பாத்திரம் கழுவினார். 'நடிகர்கள் தேவை' என்ற விளம்பரத்தைப் பார்த்து நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் இருந்த அமெரிக்கன் நீக்ரோ தியேட்டர் என்கிற கறுப்பினத்தவர் நாடகக் குழுவுக்குப் போனார். வசனத்தாளைக் கொடுத்தால் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வந்தது. பேச்சிலும் தீவு வாடை. "போய்ப் பாத்திரம் கழுவு" என்கிற தோரணையில் விரட்டிவிட்டார்கள். அவர் செய்த வேலையே அதுதான் என்று விரட்டியவருக்குத் தெரியாது! அந்த ஒரு சொல்தான் அவரை நடிகனாக்கியது என்பேன்.

கேள்வி: அப்புறம் யார் சொல்லிக் கொடுத்தது?

பதில்: ஒரு ரேடியோ வாங்கி, அறிவிப்பாளர் பேசப் பேச அப்படியே திருப்பிச் சொல்லிப் பழகினார். படிக்கக் கற்றுக் கொடுத்தவர் அவர் வேலை பார்த்த ஓட்டலின் வயதான யூத சர்வர். இரவு வேலை முடிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, செய்தித்தாளை விரித்து, தெரியாத சொற்களை விளக்குவாராம். எந்த நடிப்புப் பள்ளியையும்விட அந்த மேசையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பிறகு அதே தியேட்டருக்குப் போய், கூட்டிப் பெருக்குகிறேன், பாடம் சொல்லிக் கொடுங்கள் என்று கேட்டுச் சேர்ந்தார்.

கேள்வி: மேடை வாய்ப்பு எப்படி வந்தது, அண்ணா?

பதில்: பின்னாளில் பாடகராகப் புகழ்பெற்ற ஹாரி பெலஃபான்டேவுக்கு ஒரு நாடகத்தில் மாற்று நடிகராக இருந்தார். ஒருநாள் பெலஃபான்டே வர முடியவில்லை, இவர் ஏறினார். அதைப் பார்த்த இயக்குநர் ஒருவர் மூலம் 1946-இல் நியூயார்க்கின் பெரிய நாடக மேடையான பிராட்வேயில் வாய்ப்பு. 1950-இல் 'நோ வே அவுட்' படத்தில் டாக்டர் வேடம். கறுப்பின நடிகர்களுக்குப் பெரும்பாலும் வேலைக்காரர் வேடமே கிடைத்த காலம் அது.

கேள்வி: கஷ்டத்திலும் ஒரு வேடத்தை மறுத்தாராமே?

பதில்: ஆமாம். தன் மகளை மற்றவர்கள் கொன்றுபோட்ட பிறகும் எதிர்த்து நிற்காத ஒரு அப்பா வேடம். "என் அப்பா அப்படி இருந்திருக்க மாட்டார்" என்று பாய்ட்டியர் மறுத்துவிட்டார். வீட்டில் மனைவிக்குப் பிரசவ நேரம். மேசை நாற்காலியை ஈடு காட்டி 75 டாலர் கடன் வாங்கினார். அவர் மறுத்த விதத்தைப் பார்த்துத்தான் மார்ட்டின் பாம் என்கிற ஏஜென்ட் அவரைத் தன்னிடம் சேர்த்துக்கொண்டார்.

கேள்வி: எந்தப் படத்தில் தொடங்கலாம்?

பதில்: 1964-இல் ஆஸ்கர் வாங்கித் தந்த 'லில்லீஸ் ஆஃப் த ஃபீல்ட்' நல்ல படம். சிறந்த நடிகருக்கான ஆஸ்கரை வென்ற முதல் கறுப்பினத்தவர் அவர்தான். ஆனாலும் முதலில் 1958-இல் வந்த 'த டிஃபையன்ட் ஒன்ஸ்' பாருங்கள்.