போக்கர் டோர்னமென்டிலிருந்து கேஷ் டேபிளுக்கு: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: டோர்னமென்டில் ஓரளவு லாபத்தில் இருக்கிறேன். கேஷ் கேமில் (சிப்பே பணமாக இருக்கும் ஆட்டத்தில்) உட்கார்ந்தால் மட்டும் ஏஸ்-கிங் மாதிரி நல்ல சீட்டு வரும்போதே முழு ஸ்டாக்கும் (முன்னால் உள்ள மொத்த சிப்பும்) போய்விடுகிறது. எங்கே தப்பு?

சீட்டில் தப்பில்லை. ஸ்டாக்கின் அளவை நீங்கள் கணக்கில் எடுக்கவில்லை.

டோர்னமென்டில் பாதிக்கு மேல் போனால் பெரும்பாலும் 25, 30 பிக் பிளைண்டோடுதான் ஆடுகிறீர்கள். பிக் பிளைண்ட் என்பது சீட்டு பார்க்கும் முன்பே ஒருவர் கட்டாயம் போடும் தொகை, ஸ்மால் பிளைண்ட் அதில் பாதி. இங்கே சொல்லும் தொகைகள் எல்லாம் பிக் பிளைண்ட் கணக்கில்தான். 25 இருக்கும்போது 2.2க்கு ரைஸ் செய்து (பந்தயத்தை ஏற்றி), பிக் பிளைண்டில் இருப்பவர் கால் செய்தால் (அதே அளவு போட்டால்), ஸ்மால் பிளைண்டும் ஆன்டேயும் (பிளைண்ட் போகக் கட்டாயம் போடும் 1) சேர்ந்து பாட், அதாவது நடுவில் சேரும் தொகை, 5.9. கையில் மிச்சம் 22.8. அதாவது பாட்டைப் போல நான்கு மடங்குகூட இல்லை. ஃப்ளாப்பில் (நடுவில் திறக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டில்) டாப் பேர் (அதில் பெரிய சீட்டோடு ஜோடி) விழுந்தால் யோசிக்காமல் உள்ளே தள்ளலாம். எதிராளி அதைவிடச் சின்ன ஜோடியை வைத்துக்கொண்டும் கால் செய்வார்.

கேஷில் 100 பிக் பிளைண்டோடு உட்கார்ந்து 3க்கு ரைஸ், அதே ஆள் கால். பாட் 6.5, மிச்சம் 97. பதினைந்து மடங்கு! ஃப்ளாப், டர்ன் (நான்காவது பொதுச் சீட்டு), ரிவர் (ஐந்தாவது) மூன்றிலும் பாட்டில் மூன்றில் இரண்டு பங்கு பெட் கட்டி, மூன்றுக்கும் கால் வாங்கினாலும் போவது 38 பிளைண்டுதான். 97-ம் உள்ளே போக வேண்டுமென்றால் மூன்று முறையும் பாட்டைவிடக் கொஞ்சம் அதிகமாகக் கட்ட வேண்டும், இல்லையென்றால் நடுவில் யாராவது ரைஸ் செய்ய வேண்டும். அந்த ரைஸ் டர்னில் வந்தால், செய்தவர் கையில் வெறும் ஒரு ஜோடி இருப்பது அபூர்வம்.

உங்கள் கையில் ஏஸ்-கிங், ஃப்ளாப் கிங்-9-6 என்று வையுங்கள். 4.3 கட்டுகிறீர்கள், கால். டர்னில் ஒரு 2. பாட் 15, நீங்கள் 10 கட்ட, அதுவரை செக் செய்துகொண்டிருந்தவர் (தானாக எதுவும் கட்டாதவர்) 32க்கு ஏற்றுகிறார். 'இன்னும் 22தானே' என்று தோன்றும். கால் செய்தால் பாட் 79 ஆகிவிடும், ரிவரில் மிச்சமுள்ள 60-ஐயும் அவர் கேட்பார். ஆகவே நீங்கள் முடிவெடுக்க வேண்டியது 22க்கு அல்ல, 82க்கு. கையிலேயே 9 ஜோடி, 6 ஜோடி (ஃப்ளாப்போடு சேர்ந்து மூன்று ஒரே எண்), கிங்-9 (இரண்டு ஜோடி) எல்லாம் அவரிடம் இருக்கக்கூடியவை. ட்ராவை (இன்னும் ஒரு சீட்டு வந்தால்தான் நிறையும் கையை) வைத்து அடிக்கடி ரைஸ் செய்யும் ஆள் என்று ஏற்கெனவே பார்த்திருந்தால் ஒழிய, சின்ன ஸ்டேக் (குறைந்த பந்தயத் தொகை) டேபிளில் இதை ஃபோல்ட் செய்யுங்கள், அதாவது கையை விட்டுவிடுங்கள்.

ஃப்ளாப்புக்கு முன்பே மறு ரைஸ் நடந்த பாட் வேறு கதை. 3, பிறகு 10, கால் என்று போனால் பாட் 21, மிச்சம் 90. மறுபடி அதே நான்கு மடங்குக்கு வந்துவிட்டீர்கள். அங்கே டாப் பேரும் ஏஸ் கிக்கரும் (ஜோடிக்குத் துணைச் சீட்டு) இருந்தால் உங்கள் பழைய டோர்னமென்ட் பழக்கம் பெரிய தவறாகாது.

கேள்வி: எந்தக் கைகளை ஆடுவது, எதை விடுவது?

முதலில் ஆன்டே இல்லை என்பதை மனதில் ஏற்றுங்கள். பிக் பிளைண்ட் ஆன்டே உள்ள டோர்னமென்டில் சீட்டு போடும்போதே நடுவில் 2.5 கிடக்கும். 2.2 கட்டித் திருடினால் 47% நேரம் எல்லோரும் ஃபோல்ட் செய்தாலே முதல் தேறிவிடும். கேஷில் கிடப்பது 1.5தான். 2.5க்கு ரைஸ் செய்தால் 62.5% நேரம் ஃபோல்ட் கிடைக்க வேண்டும். ஆகவே முன் இருக்கைகளில் (முதலில் முடிவெடுக்க வேண்டிய இடங்களில்) இறுக்கிப் பிடியுங்கள்.

பிக் பிளைண்டைக் காப்பாற்றுவதும் அப்படியே. டோர்னமென்டில் 2.2 ரைஸுக்கு இன்னும் 1.2 போட்டால் போதும், 20% வெற்றி வாய்ப்பு இருந்தாலே கணக்கு சரி. கேஷில் 3 ரைஸுக்கு 2 போட வேண்டும். தேவை 31%, ரேக் (நடத்துபவர் பாட்டிலிருந்து வெட்டும் கட்டணம்) தனி. குயின்-6, ஜாக்-4 எல்லாம் இங்கே குப்பை.

ஏஸ்-10, கிங்-ஜாக் போன்றவை வேறு வேறு சூட்டில் இருந்தால் மதிப்பு இறங்கும். ஜோடி விழும், ஆனால் பெரிய பாட் ஆனால் பெரும்பாலும் தோற்கும் ஜோடியாகத்தான் இருக்கும். ஒரே சூட் ஏஸ், ஒரே சூட் 7-6, சின்ன ஜோடிகள் எல்லாம் ஏறும். ஆனால் கணக்கோடு. ஜோடியோடு போனால் ஃப்ளாப்பில் செட் (அதே எண்ணில் மூன்றாவது சீட்டு) விழுவது 11.8% நேரம், அதாவது எட்டரை முறைக்கு ஒரு முறை. விழுந்தபோதெல்லாம் முழு ஸ்டாக்கும் கிடைத்துவிடாது. எனவே கால் செய்யும் தொகையைப் போல 15 மடங்காவது இரண்டு பேர் முன்னாலும் இருக்க வேண்டும். 3க்குக் கால் என்றால் 45. எதிராளியிடம் 30தான் இருக்கிறதென்றால் 4 ஜோடியை விட்டுவிடுங்கள். மறு ரைஸ் 10க்கு வந்தபின் இன்னும் 7 போட்டு 90-ஐத் துரத்துவதும் 13 மடங்குதான், போதாது.

கேள்வி: ரேக் பற்றி நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். அவ்வளவு முக்கியமா?

ஆம். டோர்னமென்டில் நுழையும்போதே கட்டணம் முடிந்துவிடுகிறது. கேஷில் ஒவ்வொரு பாட்டிலும் வெட்டுவார்கள். 5%, ஒரு உச்சவரம்போடு என்பது சகஜம். 20 பிளைண்ட் பாட்டில் 1 பிளைண்ட் போய்விடும். சின்ன ஸ்டேக்கில் பெரும்பாலான பாட் உச்சவரம்பைத் தொடுவதே இல்லை, முழுச் சதவீதமும் உங்கள் தலையில். பல இடங்களில் ஃப்ளாப் வராமல் முடிந்த பாட்டில் ரேக் இல்லை. அதனால்தான் ஸ்மால் பிளைண்டில் 'சும்மா ஒரு கால்' அதிகம் தண்டம் கட்டும் ஆட்டம். மறு ரைஸ் செய்யுங்கள் அல்லது விடுங்கள்.

கேள்வி: டோர்னமென்டில் ஐம்பது-ஐம்பது வாய்ப்பைத் தவிர்க்கச் சொல்வார்கள். இங்கேயும் அப்படியா?

இல்லை. அங்கே வெளியேறினால் பரிசுப் படியை இழக்கிறீர்கள், அதனால் இழக்கும் சிப்புக்கு ஜெயிக்கும் சிப்பைவிட விலை அதிகம். இங்கே சிப் என்றால் பணம், அவ்வளவுதான். எதிராளி கட்டியதும் சேர்ந்து 60 இருக்கும் பாட்டுக்கு 40 கேட்டால் 40% வேண்டும். உங்களுக்கு 42% இருந்தால் கால் செய்யுங்கள். பரிசு எல்லைக்குப் பக்கத்தில் இதே காலைச் செய்தால் அது தவறாக இருக்கக்கூடும்.

கேள்வி: 8,000 கை ஆடிவிட்டேன், மைனஸில் நிற்கிறேன். திரும்பிப் போய்விடலாமா? எவ்வளவு பணம் ஒதுக்க வேண்டும்?

8,000 கை எதையும் சொல்லாது. ஆறு பேர் டேபிளில் 100 கைக்கு ஏற்ற இறக்கம் சுமார் 90 பிளைண்ட். 10,000 கைக்குப் பிறகும் உங்கள் சராசரி 100 கைக்கு 9 பிளைண்ட் மேலேயோ கீழேயோ தள்ளி நிற்பது சாதாரணம். 100 கைக்கு 4 ஜெயிக்கும் திறமை உள்ளவர் மைனஸ் 5 காட்டலாம். 1,00,000 கையில்தான் அந்த இடைவெளி 3க்குச் சுருங்கும். மொத்தக் கணக்கைப் பார்த்து மனம் உடைவதைவிட, 40 பிளைண்டுக்கு மேல் இழந்த பாட்டுகளை மட்டும் எடுத்து, முதல் கேள்வியில் சொன்ன டர்ன் ரைஸுக்கு எத்தனை முறை கால் செய்தீர்கள் என்று பாருங்கள்.

ஒதுக்க வேண்டியது 30 முழு பை-இன் (டேபிளில் உட்காரப் போடும் தொகை, இங்கே 100 பிளைண்ட்), நிதானமாக ஆட 50. டோர்னமென்டுக்கு 100, 200 வைத்திருந்தவருக்கு இது குறைவாகத் தெரியும். ஆனால் வீட்டுச் செலவுப் பணம் இதில் ஒரு காசும் இருக்கக் கூடாது.

கேள்வி: 70 பிளைண்டுக்கு இறங்கினால் அப்படியே ஆடலாமா?

வேண்டாம். டேபிளில் நீங்கள் பலமான ஆள் என்றால் உடனே 100க்கு நிரப்புங்கள்.

கேள்வி: ஜெயித்ததில் பாதியை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுவிட்டு மீதியோடு ஆடலாமா?

முடியாது, டேபிளில் உள்ள சிப் டேபிளிலேயே இருக்க வேண்டும். முழுவதையும் எடுத்துக்கொண்டு எழுந்து போகலாம், எந்தக் கையிலும், யாரையும் கேட்காமல். டோர்னமென்டில் இல்லாத வசதி இது. 200 பிளைண்டோடு நீங்களும், அதே 200 பிளைண்டோடு உங்களைவிடத் திறமையானவர் உங்கள் இடப்பக்கத்திலும் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். கண்டபடி கால் செய்பவர் உங்கள் வலப்பக்கம் இருந்தால் உட்காருங்கள், அவர் எழும்வரை.